சிறை மாறும்போது படிப்பு அறுபடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

1865-இல் அமைந்த மதுரை மத்திய சிறையை ஊருக்கு வெளியே மாற்றும் திட்டத்தில் வகுப்பறைகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதும் கைதி, முதலில் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிய வேண்டும். அதைத் தவறவிட்டால் ஓராண்டு போச்சு. பெரும்பாலும் இடறுவது பழைய மாற்றுச் சான்றிதழ்தான்: வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும், எடுத்துவர ஆள் இருக்காது. எங்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பள்ளிகளுக்கு நகல் கேட்டுச் சிறை நல அலுவலரே எழுதலாமே! படிப்பின் நடுவே சிவகங்கை மாவட்டம் புரசடைஉடைப்பு ஊரிலுள்ள திறந்தவெளிச் சிறைக்குப் போகிறவருக்குத் தேர்வு மையத்தையும் உடனே மாற்றித் தர வேண்டும். ஜாமீனில் போகிறவரிடம் பாடநூலையும் நுழைவுச்சீட்டையும் கொடுத்தனுப்புங்கள், வெளியிலிருந்தே எழுதிவிடுவார்.

- வாசகர், காரைக்குடி