எங்கள் பெயரைச் சொல்லி வசூலித்த கட்டணம்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

16 ஆகஸ்ட் 2021

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறைக்கும் தனியார் பள்ளிகள் கட்டண நிர்ணயக் குழுவுக்கும்,

வணக்கம்.

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள சுயநிதி மெட்ரிக் பள்ளி ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் நடத்தி வருகிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு வரும் செப்டம்பர் 1 அன்று பள்ளிகளைத் திறக்க அரசு முடிவு செய்திருக்கிறது. பிள்ளைகளை நேரில் பார்த்துப் பாடம் நடத்தப் போகிறோம் என்ற மகிழ்ச்சி எனக்கும் உண்டு. ஆனால், கடந்த பதினேழு மாதங்களாகத் தனியார் பள்ளி ஊழியர்களின் சம்பளம் என்ன ஆனது என்பதை யாரும் கணக்குக் கேட்காமலேயே அந்தக் கதவுகள் திறந்துவிடுமோ என்ற கவலையால்தான் இதை எழுதுகிறேன்.

2020 மார்ச் மாதம் பள்ளி மூடப்பட்டபோது என் மாதச் சம்பளம் 11,500 ரூபாய். அந்த மாதத்துக்குப் பாதிச் சம்பளம் வந்தது. ஏப்ரல், மே மாதங்களுக்கு எதுவும் வரவில்லை. ஜூன் மாதம் இணையவழி வகுப்புகள் தொடங்கிய பிறகு 4,000 ரூபாய் தந்தார்கள். 2021 ஜனவரி 19 அன்று பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் திறக்கப்பட்டதும் இரண்டு மாதங்கள் முழுச் சம்பளம் கிடைத்தது; மார்ச் இறுதியில் மீண்டும் மூடியதும் பழையபடி 4,000 ரூபாய்க்கு வந்து நின்றது. 2020–21-ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழகத்துக்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த ஒரு நாள் கூலி 256 ரூபாய். என் மாதச் சம்பளம் அந்தக் கணக்கில் பதினாறு நாள் கூலிகூட ஆகவில்லை. உடலுழைப்பைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. என்னோடு வேலை பார்த்த இரண்டு ஆசிரியைகள் அந்த வேலைக்கே போனார்கள், அந்தக் கூலிதான் அவர்கள் வீட்டில் உலை வைத்தது.

வகுப்புகள் நடக்காததால் வேலையும் இருந்திருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். காலையில் இரண்டு வகுப்புகள், பிற்பகலில் இரண்டு வகுப்புகள் கைபேசியில் நடத்தினோம். மாணவர்கள் வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பென்சிலால் எழுதிய முக்கோணவியல் கணக்கை, பாதி நிழல் விழுந்த படத்தில், திரையை விரலால் விரித்து விரித்துப் பார்த்துத் திருத்தி முடிக்கும்போது இரவு பதினொரு மணி தாண்டிவிடும். அதற்கான கைபேசியும் என்னுடையது, மாதாமாதம் போட்ட ரீசார்ஜும் என்னுடையது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தான பிறகு பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களையும் செய்முறை, அகமதிப்பீட்டு மதிப்பெண்களையும் சேர்த்துப் பட்டியல் போட வேண்டியிருந்தபோது, ஊரடங்கு நடுவிலேயே பள்ளிக்கு வரவழைக்கப்பட்டோம். வேலை குறையவே இல்லை. குறைந்தது சம்பளம் மட்டும்தான்.

இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டேன். என்னால் இன்றுவரை தாங்க முடியாதது வேறொன்று. வகுப்பாசிரியர்கள் ஒவ்வொருவரிடமும் கட்டண பாக்கிப் பட்டியல் ஒன்றைத் தந்தார்கள். பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். வகுப்பில் எவ்வளவு வசூலாகிறதோ அதைப் பொறுத்துத்தான் அந்த மாதச் சம்பளம் என்றார்கள். என் பட்டியலில், பேருந்து நிலையத்தில் பூக்கட்டி விற்கும் ஒரு தாயின் பெயர் இருந்தது. மூன்றாவது முறை நான் அழைத்தபோது அவர், "உங்களுக்குச் சம்பளம் போடத்தான் கேக்குறாங்களா டீச்சர்? அப்படின்னா வட்டிக்கு வாங்கியாவது கட்டிடறேன்" என்றார். கோயில்கள் மூடியிருந்த, கல்யாணங்கள் நின்றிருந்த காலம் அது. பூவுக்கு ஏது விற்பனை? அடுத்த வாரமே 3,000 ரூபாயைக் கொண்டுவந்து கட்டினார். அந்த மாதமும் எனக்குக் கிடைத்தது அதே 4,000 ரூபாய்தான். அவர் கட்டிய பணம் எனக்கு வரவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தத் தாய் கேட்ட கேள்வியைத்தான் நான் உங்கள் முன் வைக்கிறேன். ஊரடங்குக் காலத்தில் கட்டணம் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று அரசு 2020 ஏப்ரலில் ஆணையிட்டபோது, பள்ளி நிர்வாகங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. ஊழியர்களுக்குச் சம்பளம் தர வழியில்லை என்பது அவர்கள் எடுத்துரைத்த முக்கியக் காரணங்களில் ஒன்று. 2020 ஜூலை 17 அன்று நீதிமன்றம், ஆகஸ்ட் இறுதிக்குள் 40 சதவீதமும் பள்ளி திறந்த பிறகு மேலும் 35 சதவீதமும் வசூலித்துக்கொள்ள அனுமதித்தது. இந்த ஆண்டு ஜூலை 30 அன்று, வருமானம் பாதிக்கப்படாத பெற்றோரிடம் 85 சதவீதமும், பாதிக்கப்பட்டவர்களிடம் 75 சதவீதமும் வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவாகியிருக்கிறது. கட்டணத்தில் எவ்வளவு குறைய வேண்டும் என்பதைச் சதவீதக் கணக்கில் நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. எங்கள் சம்பளம் எவ்வளவு குறையலாம் என்பதை யார் வரையறுத்தார்கள்? பெற்றோர் 75 சதவீதம் கட்டிய பள்ளியில் ஆசிரியருக்கு 35 சதவீதச் சம்பளம் தந்தது எந்தக் கணக்கில் சேரும்?

நிர்வாகங்கள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொண்டன என்று நான் சொல்லவில்லை. வாடகைக் கட்டடத்தில் நடக்கும் சிறு மழலையர், தொடக்கப் பள்ளிகளில் பாதிக்கு மேல் பிள்ளைகள் விலகிப் போனதையும், கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத இடங்களில் சேர்த்த மாணவர்களுக்கு அரசு தர வேண்டிய தொகை காலத்தில் வராமல் தாளாளர் தன் நகையை அடகு வைத்துச் சம்பளம் போட்டதையும் நான் அறிவேன். அத்தகைய பள்ளிகளையும், ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டே "கொரோனா காலம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்ன பள்ளிகளையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. வேறுபடுத்திப் பார்க்கக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்கும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது.

ஆசிரியர் அல்லாதோரின் நிலைமை எங்களைவிட மோசம். எங்கள் பள்ளி வேன் ஓட்டுநர் ஒன்பது ஆண்டுகளாக ஒரு விபத்தும் இல்லாமல் ஓட்டியவர். வண்டி ஓடவில்லை, ஆகவே சம்பளமும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக வாரம் ஒரு நாள் அவரை வரச் சொல்லி, நான்கு வண்டிகளையும் ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடவிடச் செய்தார்கள். அதற்கு 200 ரூபாய் தந்தார்கள். வண்டியின் பேட்டரிக்குக் கிடைத்த கவனம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆயாம்மாக்கள் இருவருக்கும் அந்த 200 ரூபாய்கூட இல்லை. அரிசி அட்டைக்கு அரசு கொடுத்த 4,000 ரூபாய் நிவாரணமே இந்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில் அவர்கள் கண்ட பணம்.

முறையிடலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். எங்கே முறையிடுவது? ஆசிரியர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988-இல் கோவா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், தொழிற்தகராறு சட்டத்தின் வழி எங்களுக்கு அடைபட்டது. சட்டமன்றம் 2018-இல் நிறைவேற்றிய தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இந்த 2021 ஆகஸ்ட் வரை நடைமுறைக்கு வரவில்லை. ஓட்டுநரும் ஆயாம்மாவும் தொழிலாளர் அலுவலரை அணுகலாம் என்றாலும், அவர்கள் கையில் பணி நியமன ஆணை இல்லை. எங்களில் பலருடைய அசல் சான்றிதழ்கள் சேரும்போதே பள்ளி அலுவலகத்துக்குப் போய்விட்டன. சம்பளப் பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறொரு தொகையை வாங்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருப்பது துறைக்குத் தெரியாத இரகசியம் அல்ல. இந்த நிலையில் தனியாளாக ஒருவர் புகார் கொடுப்பதென்றால், அவர் வேலையையும் சான்றிதழையும் ஒருசேரப் பணயம் வைக்க வேண்டும்.

தெலங்கானா மாநிலத்தில், வேலையிழந்த தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் தர அந்த அரசு இந்த ஆண்டு ஏப்ரலில் முன்வந்தது. தொகை பெரிதல்ல. ஆனால் இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களுக்கும் வயிறு இருக்கிறது என்று ஓர் அரசு பெயர் எழுதிப் பதிவு செய்தது. தமிழகத்தில் எத்தனை தனியார் பள்ளி ஊழியர்கள் சம்பளம் இழந்தார்கள் என்று எங்களிடம் வந்து கேட்டவர்கள் யாரும் இல்லை.

கட்டண நிர்ணயக் குழுவுக்குக் குறிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒரு பள்ளிக்குக் கட்டணம் நிர்ணயிக்கும்போது அதன் நிர்வாகச் செலவையும் பராமரிப்புச் செலவையும் பார்க்கிறீர்கள். அந்தச் செலவில் பெரும்பங்கு எங்கள் சம்பளம். அப்படியானால், செலவாகக் காட்டிய சம்பளம் உண்மையில் கொடுக்கப்பட்டதா என்று பார்ப்பதும் அந்தப் பணியின் ஒரு பகுதிதானே? 2020–21, 2021–22 கல்வியாண்டுகளில் வசூலித்த கட்டணத்தையும், ஊழியர்களின் வங்கிக் கணக்கில் செலுத்திய சம்பளத்தையும் அருகருகே வைத்து ஒவ்வொரு பள்ளியும் அறிக்கை தர ஆணையிடுங்கள். வசூலான விகிதத்துக்குக் குறையாமல் சம்பளம் தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் பாக்கியைத் தவணையிலாவது தரச் செய்யுங்கள். வசூலே ஆகாத சிறு பள்ளிகளின் ஊழியர்களுக்கு அரசு நேரடியாக உதவ வேண்டும். அந்தப் பள்ளிகளுக்குத் தர வேண்டிய 25 சதவீத ஒதுக்கீட்டு நிலுவையை உடனே விடுவித்தாலே அவர்களில் பலர் சம்பளம் போட்டுவிடுவார்கள். எந்தப் பள்ளியிலும் ஆசிரியரைக் கட்டண வசூலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் எழுத்தில் தாருங்கள்.

செப்டம்பர் 1-க்கு முன்பும் பின்பும் உங்கள் அலுவலர்கள் பள்ளிகளுக்கு வருவார்கள். முகக்கவசம், கிருமிநாசினி, வெப்பமானி, இருக்கைகளுக்கு இடையே இடைவெளி, ஊழியர்களின் தடுப்பூசிச் சான்று ஆகியவற்றையெல்லாம் சரிபார்ப்பார்கள். அந்தப் படிவத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: ஊழியர்களின் வங்கிப் புத்தகங்களையும் பார்க்கவும். பார்க்கும்போது தாளாளர் அறையில் உட்கார்ந்து பார்க்காமல், ஆசிரியர் அறைக்கும் வேன் நிற்கும் இடத்துக்கும் வந்து, எங்களிடமே வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தனியார் பள்ளிக் கணக்கு ஆசிரியை
விழுப்புரம் மாவட்டம்