கைதுப் பதிவைத் தேடுவோர் வழக்கின் முடிவையும் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் தமிழர் ஒருவர் கைதானார் என்ற செய்தி தமிழ் நாளிதழ்களில் வரும்போது, கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) சிறையில் எடுக்கப்பட்ட அவருடைய படமும் பல நேரங்களில் சேர்ந்தே வருகிறது. சில மணி நேரத்துக்குள் அந்தப் படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. அந்த வழக்கு பிறகு என்ன ஆயிற்று என்பதைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்த நினைவில்லை. இருபது ஆண்டுகளாக டெக்சாஸ் மாநிலத்தில் வசிப்பவள் என்ற முறையில், இங்கே கைதுப் பதிவுகளும் வாரண்டுகளும் எங்கே பார்க்கக் கிடைக்கின்றன என்பதையும், அவற்றைப் பாதி மட்டும் படித்துவிட்டுப் பேசுவதால் என்ன நேர்கிறது என்பதையும் தங்கள் வாசகர்களுக்கு எழுத விரும்புகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அக்கா மகளுக்கு வரன் பார்த்தோம். பையன் இங்கேயே வேலையில் இருப்பவர். ஜாதகம் பொருந்தி, இரு வீட்டாரும் நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கும் நிலைக்கு வந்திருந்தோம். அப்போது எங்கள் உறவினர் ஒருவர், பணம் கட்டினால் பின்னணி விவரம் தரும் ஓர் இணையதளத்தில் பையனின் பெயரைப் போட்டுப் பார்த்து, அவர் முன்பு கைதானவர் என்று காட்டிய ஒற்றை வரியைக் குடும்பத்தார் அனைவருக்கும் அனுப்பிவிட்டார். அந்த வரியில் கவுண்டியின் பெயரும் தேதியும் தவிர வேறெதுவும் இல்லை. நான் அந்தக் கவுண்டி நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தின் இணையதளத்தில் தேடினேன். அங்கே பணம் எதுவும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் வழக்கு எண் கிடைத்தது. வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது என்று அதன் கடைசிப் பதிவு சொன்னது. அதற்குள் பேச்சு பையன் வீட்டுக்குப் போய்விட்டது, அவர்களும் மனம் நொந்து விலகிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்பதற்காக அவருடைய தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன். "முதலில் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று மட்டும் அவர் சொன்னார். அந்தச் சொல் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

அமெரிக்காவில் 3,000க்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீஃப் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர். கவுண்டி சிறை பொதுவாக அவர் பொறுப்பில் இருக்கும். கைதானவரைச் சிறைக்குக் கொண்டுவந்ததும் அவருடைய பெயர், கைதான நாள், காவலர் சொல்லும் குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு படமும் எடுக்கிறார்கள். சிறையில் இருப்போரின் பட்டியலைப் பல ஷெரீஃப் அலுவலகங்கள் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன. ஆனால் அந்தப் பதிவு காவல்துறையின் வாதம் மட்டுமே. அதை வழக்காகக் கொண்டுசெல்வதா, வேண்டாமா என்பதை அரசு வழக்கறிஞர் பின்னரே முடிவு செய்கிறார். வழக்கு நடந்தால் அதன் கோப்பு நீதிமன்ற எழுத்தரிடம் இருக்கும். டெக்சாஸில் பொதுவாகக் கடுங்குற்ற வழக்குகளுக்கு மாவட்ட நீதிமன்ற எழுத்தர், சிறைத் தண்டனைக்குரிய சிறுகுற்றங்களுக்குக் கவுண்டி எழுத்தர், அபராதத்தோடு முடியும் வழக்குகளுக்கு அமைதி நீதிபதி நீதிமன்றம் அல்லது நகர நீதிமன்றம் என்று மூன்று இடங்களில் தேட வேண்டியிருக்கும். ஹூஸ்டன் மாநகரமே ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், மான்ட்கமரி ஆகிய மூன்று கவுண்டிகளில் பரவியிருக்கிறது. எனவே, நகரத்தின் பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறவர் தவறான அலுவலகத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

இந்தப் பதிவுகளை மூடிவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒருவரை நள்ளிரவில் பிடித்துக்கொண்டுபோய், எங்கே வைத்திருக்கிறோம் என்று அவர் குடும்பத்துக்குக்கூடச் சொல்லாமல் இருக்க எந்த அதிகாரியாலும் முடியக்கூடாது என்பதற்காகவே கைதுப் பதிவு ஊரறியத் திறந்திருக்கிறது. 1966ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டுமே உரியது. கவுண்டிகளை அந்தந்த மாநிலச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டத்தின்படி, கைதானவரையும் கைதையும் பற்றிய அடிப்படை விவரங்களைக் காவல்துறை மறைக்க முடியாது. கலிபோர்னியச் சட்டமும் எந்தெந்த விவரங்களைத் தர வேண்டும் என்று பட்டியலிட்டே சொல்கிறது. காவலரைக் கண்காணிக்க மக்களுக்குக் கொடுக்கப்பட்ட கருவி இது. இதைக் கொண்டு மக்கள் ஒருவரையொருவர் எடைபோடத் தொடங்கியதில்தான் வினை பிறக்கிறது.

இந்த வேறுபாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டிலேயே கண்டுகொண்டது. மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தொகுத்து வைத்திருக்கும் ஒருவரின் குற்றப் பதிவுச் சுருக்கத்தைச் செய்தியாளர்கள் கேட்ட வழக்கில், நாடெங்கும் நீதிமன்றங்களிலும் காவல் நிலையங்களிலும் சிதறிக் கிடக்கும் தாள்களைத் தேடிப்போய்ப் பார்ப்பது வேறு, அவை அனைத்தையும் கணினியில் ஒன்றாகத் திரட்டிக் கொடுப்பது வேறு என்று கூறி, அந்தச் சுருக்கத்தைத் தர வேண்டியதில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று அரசு தர மறுத்த அந்தத் தொகுப்பைத்தான் இன்று தனியார் இணையதளங்கள் கவுண்டிப் பதிவுகளை வாரி எடுத்து விற்பனை செய்கின்றன. கைதானது அவற்றில் ஏறிவிடுகிறது. வழக்கு தள்ளுபடியானது பல நேரங்களில் ஏறுவதே இல்லை. வேலைக்கு ஆள் எடுப்பதற்காகப் பின்னணி அறிக்கை தரும் நிறுவனங்களை 1970ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தண்டனையில் முடியாத கைதை, ஏழு ஆண்டுகள் கழிந்தபின், ஆண்டுக்கு 75,000 டாலருக்குக் குறைவான ஊதியமுள்ள வேலைக்கான அறிக்கையில் காட்டக்கூடாது. பிழை என்று சம்பந்தப்பட்டவர் முறையிட்டால், பொதுவாக 30 நாட்களுக்குள் மறுபடியும் ஆராய வேண்டும். எங்கள் உறவினர் பணம் கட்டியது போன்ற தளங்களோ, இந்தச் சட்டம் தங்களுக்குப் பொருந்தாது என்று சிறிய எழுத்தில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன.

வாரண்டுகளின் நிலை வேறு. நீதிபதி கையெழுத்திட்டும் இன்னும் நிறைவேற்றப்படாத கைது வாரண்டு பல இடங்களில் பொதுமக்கள் பார்வைக்கு வராது. வந்தால் தேடப்படுபவர் தப்பிவிடுவார். மாறாக, நிலுவையிலுள்ள வாரண்டுகளின் பட்டியலைத் தாங்களே வெளியிடும் ஷெரீஃப் அலுவலகங்களும் உண்டு. நாட்டளவிலான வாரண்டுகள் சேர்ந்திருக்கும் எஃப்.பி.ஐ.யின் தேசியக் குற்றத் தகவல் மையத்தைப் பொதுமக்கள் திறந்து பார்க்க வழியில்லை. எனவே, நாடு முழுவதும் உள்ள வாரண்டுகளைத் தேடித் தருகிறோம் என்று பணம் கேட்கும் தளத்தை நம்ப வேண்டாம்.

வாரண்டு என்றதும் கொலையும் கொள்ளையும் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால், போக்குவரத்து அபராதத்துக்குக் குறித்த நாளில் ஆஜராகாததற்காகவும் வாரண்டு பிறக்கிறது. ஏறத்தாழ 21,000 பேர் வாழ்ந்த மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில், 2014ஆம் ஆண்டு இறுதியில் 16,000க்கும் மேற்பட்டோர் மீது நகர நீதிமன்றத்தின் வாரண்டுகள் நிலுவையில் இருந்ததாக அமெரிக்க நீதித் துறை தன் விசாரணை அறிக்கையில் தெரிவித்தது. வீடு மாறியதால் நீதிமன்றக் கடிதம் கைக்கு வராமல் போனவர்களை நம்மவர்களிடையேயும் நான் அறிவேன். வாரண்டு நாள்பட்டதால் தானாக மறைந்துவிடாது.

பதிவே பிழையாக இருப்பதும் உண்டு. அலபாமா மாநிலத்தின் காஃபி கவுண்டியில் 2004ஆம் ஆண்டு, பக்கத்திலுள்ள டேல் கவுண்டியின் கணினியில் வாரண்டு இருப்பதாகத் தொலைபேசியில் கேட்டறிந்து ஒருவரைக் கைது செய்து சோதனையிட்டார்கள். அந்த வாரண்டு ஐந்து மாதங்களுக்கு முன்பே திரும்பப் பெறப்பட்டிருந்தது. கணினியில்தான் யாரும் அதை நீக்கவில்லை. தவறு தெரிய வந்தது சில நிமிடங்களில். ஆனால் அதற்குள் போதைப்பொருளும் துப்பாக்கியும் எடுக்கப்பட்டுவிட்டன. அவற்றைச் சான்றாகப் பயன்படுத்தலாம் என்று 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அடுத்தடுத்த இரண்டு கவுண்டி அலுவலகங்களுக்கிடையே ஒரு பதிவு இப்படித் தவறிப்போகுமானால், அவற்றிலிருந்து எடுத்து விற்கும் தளத்தில் எத்தனை பதிவுகள் தவறிப்போகும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

தன் பேரில் வாரண்டு இருக்கிறதோ என்று ஐயப்படுபவர் ஷெரீஃப் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டால் அங்கேயே கைதாகலாம்; வழக்கறிஞர் மூலம் விசாரித்து, நீதிமன்றத்தில் ஆஜராகும் நாளை வாங்கிக்கொள்வதே முறை. உங்கள் மீது வாரண்டு இருக்கிறது, கடையில் பரிசு அட்டை (கிஃப்ட் கார்டு) வாங்கி உடனே அதன் எண்ணைச் சொல்லுங்கள் என்று தொலைபேசியில் மிரட்டுகிறவர் மோசடிக்காரர். எந்த ஷெரீஃபும் அப்படிப் பணம் வசூலிப்பதில்லை.

நம் பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். தமிழர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரே அமெரிக்கப் பதிவுகளில் கடைசிப் பெயராக நிற்கிறது, சிலருக்குக் கடவுச்சீட்டிலேயே முன்பின் மாறியும் இருக்கிறது. கவுண்டிப் பதிவுகளை முக்கியமாகக் கடைசிப் பெயரைக் கொண்டே தேட வேண்டியிருப்பதால், தந்தையின் பெயர் குமார் என்றோ சுப்பிரமணியன் என்றோ உள்ள அத்தனை பேரும் ஒரே பட்டியலில் வந்து நிற்பார்கள். பிறந்த தேதியும் வழக்கு எண்ணும் ஒத்துவராமல், பெயரை மட்டும் பார்த்து இன்னார்தான் என்று சொல்வது பெரும் பிழை.

வழக்கின் முடிவைக் காட்டும் நீதிமன்றத் தாள் கைதானவருக்கும் உயிர்போல் தேவைப்படுகிறது. குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பம், எப்போதாவது கைதானதுண்டா என்று கேட்கிறது. வழக்கு தள்ளுபடியானாலும், பதிவு நீக்கப்பட்டிருந்தாலும் ஆம் என்றே சொல்லி, நீதிமன்றம் சான்றளித்த முடிவின் நகலை இணைக்க வேண்டும். பதிவு அழிக்கப்படும் முன்பே அந்த நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள் என்று எனக்குத் தெரிந்த இளைஞர்களிடம் நான் சொல்லிவருகிறேன்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கைதுச் செய்தியை வெளியிடுங்கள். ஆனால் சிறையில் எடுத்த படத்தை விட்டுவிடுங்கள். நியூயார்க் மாநிலமே 2019ஆம் ஆண்டு முதல் அத்தகைய படங்கள் வெளியிடப்படுவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியிருக்கிறது. செய்தியாளர் வழக்கு எண்ணை எழுதிவைத்துக்கொண்டால், அடுத்த விசாரணை எந்த நாளில் என்பதைப் பெரும்பாலான நீதிமன்ற எழுத்தர் அலுவலகங்களில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தீர்ப்போ தள்ளுபடியோ வரும் நாளில், கைதுச் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவில் அதையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஹூஸ்டன், டெக்சாஸ்