இளவரசனின் கண்பார்வை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்து, காலையில் குளத்தைச் சுற்றி நடக்கிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மாடியில் தட்டோடு பதிக்கும் வேலைதான் இழுத்துக்கொண்டே போகிறது. கொத்தனார் வருகிற நாளில் சிமெண்ட் வருவதில்லை. சிமெண்ட் வந்த நாளில் மழை வந்துவிடுகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் நூலகத்துக்கு வரும் பெண் பிள்ளைகளுக்கு லீவில் ஒரு சிண்டரெல்லா படம் போட வேண்டும், ஆனால் எவனாவது வந்து காப்பாற்றுவான் என்று அடுப்படியில் காத்திருக்கிற பெண்ணாக இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். எல்லோரும் அந்தப் பெண்ணைத்தான் குறை சொல்கிறார்கள். எனக்கென்னவோ அந்தக் கதையில் கோளாறு இளவரசனிடம்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. அவனுக்குக் கண் சரியில்லை.

பழைய கதையை எடுத்துப் பார். 1697-ல் பிரான்சில் சார்ல் பெரோ எழுதியதில், விருந்திலிருந்து ஓடும்போது அவள் விட்டுவிட்ட செருப்பு யார் காலுக்குப் பொருந்துகிறது என்று பார்க்க, அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவது இளவரசன் இல்லை, அரண்மனை ஆள் ஒருவர். ஐயா வீட்டைவிட்டே கிளம்பவில்லை! ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதையில் அவனே நேரில் வருகிறான், ஆனால் அது இன்னும் மோசம். ராணியான பிறகு நடந்தா போகப் போகிறாய் என்று சொல்லி, சித்தி தன் மூத்த மகளின் கால் கட்டை விரலை வெட்ட வைக்கிறாள். செருப்பு நுழைகிறது. இவன் அவளைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். செருப்பில் ரத்தம் என்று புறாக்கள் கத்திய பிறகுதான் திரும்புகிறான். உடனே அடுத்தவளிடமும் அப்படியே ஏமாறுகிறான். அவள் குதிகாலை வெட்டிக்கொண்டு வந்தவள். மூன்று ராத்திரி கூட ஆடிய பெண்ணின் முகம் இவனுக்கு நினைவில்லையா?

நல்ல படமாக எடுத்தவர்கள் எல்லோரும் இந்த ஓட்டையைத்தான் அடைக்கப் பார்த்திருக்கிறார்கள். வழியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: நடன விருந்துக்கு முன்பே, அவள் அழுக்குத் துணியில் இருக்கும்போதே, இரண்டு பேரையும் சந்திக்க வைத்துவிடுவது.

1998-ல் வந்த 'எவர் ஆஃப்டர்' படத்தில் ட்ரூ பேரிமோர்தான் அந்தப் பெண். அப்பாவின் குதிரையை எவனோ திருடிக்கொண்டு போகிறான் என்று ஆப்பிளால் அடித்து அவனைக் கீழே தள்ளுகிறாள். அவன்தான் இளவரசன். வெளியே சொல்லாதே என்று அவன் கொட்டிவிட்டுப் போன காசை எடுத்துக்கொண்டு, கடனுக்காகச் சித்தி விற்றுவிட்ட வேலைக்காரரை மீட்கப் போகிறாள். அங்கே சீமாட்டி வேஷத்தில் நின்று, மக்களைத் திருடர்களாக ஆக்குவதும் நீங்கள்தான், பிறகு தண்டிப்பதும் நீங்கள்தான் என்று இளவரசனிடமே வாதாடுகிறாள். அப்பா சாவதற்குமுன் கொடுத்த புத்தகத்திலிருந்து வந்த பேச்சு அது, நல்ல நாடு எப்படி இருக்க வேண்டும் என்று தாமஸ் மோர் எழுதியது. காதல் வந்தது அவள் அழகால் மட்டும் இல்லை, அந்த வாதத்தாலும் என்பதை நாம் நம்ப முடிகிறது. தேவதைக்குப் பதில் லியோனார்டோ டா வின்சி வருகிறார். கொஞ்சம் அளந்து விடுகிற சமாச்சாரம்தான், போகட்டும்.

அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது வேறு. விருந்தில் அவள் வேலைக்காரி என்று சித்தி எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்ததும், இவ்வளவு நாள் பேசிப் பழகியவன் அவளைக் கைவிட்டுவிடுகிறான். அவளை விலைக்கு வாங்கிய ஒருவன் கோட்டையில் அடைத்து வைக்க, அவள் கத்தியைக் காட்டி அவளாகவே வெளியே வருகிறாள். இளவரசன் காப்பாற்ற வந்து சேர்வது அதற்கப்புறம். காப்பாற்ற எதுவும் பாக்கி இல்லை. மன்னிப்புக் கேட்க மட்டும்தான் அவனுக்கு வேலை இருக்கிறது. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்கிறான்.

2015-ல் கென்னத் பிரானா எடுத்த டிஸ்னி படத்திலும் விருந்துக்கு முன்பே, காட்டில் சந்திக்கிறார்கள். இளவரசன் தன்னைத் தொழில் பழகுகிறவன் என்று சொல்லிக்கொள்கிறான். கடைசியில், செருப்பைப் போட்டுப் பார்க்கும் முன்பே, என்னிடம் வண்டி இல்லை, சீர் இல்லை, இப்படியே ஏற்றுக்கொள்வாயா என்று அவள் கேட்டுவிடுகிறாள். அதனால் செருப்பு வெறும் சடங்காகிவிடுகிறது. (அந்தச் செருப்பை நடிகை லிலி ஜேம்ஸ் போடவே இல்லை, தெரியுமா? ஸ்வரோவ்ஸ்கி படிகத்தில் செய்தது, கால் நுழையாது. திரையில் தெரிவது கம்ப்யூட்டர் வேலை.) சித்தியாக வரும் கேட் பிளான்செட்டுக்கும் ஒரு காயம் வைத்திருக்கிறார்கள். புருஷன் முதல் மனைவியை நினைத்து உருகுவதை, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிடுகிறாள். அந்த ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம். ஆனால் பெண் ரொம்பத்தான் பொறுத்துப் போகிறாள், உன் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

2021-ல் வந்த இன்னொரு சிண்டரெல்லா படத்தில் அவளுக்குத் துணிக்கடை வைக்க ஆசை, இளவரசன் ராஜ்யத்தைத் தங்கைக்கு விட்டுவிடுகிறான். எண்ணம் நல்லதுதான். ஆனால் ஆளாளுக்குச் சுவரொட்டி வாசகம் மாதிரி பேசுகிறார்கள்.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் 1973-ல் செக்கோஸ்லோவாக்கியாவும் கிழக்கு ஜெர்மனியும் சேர்ந்து எடுத்த படத்தைத்தான் போடச் சொல்வேன். 'சிண்டரெல்லாவுக்கு மூன்று கொட்டைகள்' என்று பெயர். வண்டிக்காரர் கொண்டுவந்து கொடுக்கும் மூன்று ஹேசல் கொட்டைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு உடை இருக்கிறது. முதலில் வேட்டைக்காரன் உடுப்பு, அடுத்து விருந்துக்கான கவுன், கடைசியில் கல்யாண உடை. லிபுஷே ஷாஃப்ரான்கோவா என்ற பெண் நடித்திருக்கிறாள். பனியில் குதிரை ஓட்டுகிறாள், குறுக்குவில் அடிக்கிறாள், அதைப் பற்றிப் பெருமையாக வசனம் எதுவும் பேசுவதில்லை.

இதில் இளவரசன் அவளைக் காட்டில் கரி பூசிய முகத்தோடு பார்க்கிறான். அப்புறம் பையன் வேஷத்தில் பார்க்கிறான், வில் போட்டியில் தோற்றும் போகிறான். மூன்றாவது முறை விருந்தில், முகத்திரையோடு. மூன்றும் ஒருத்தி என்று அவன் மண்டையில் ஏறவே இல்லை! விருந்தில் இவள்தான் என் மணப்பெண் என்று அறிவிக்கிறான். மணப்பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்க மறந்துவிட்டாயே என்கிறாள். பிறகு விடுகதை போடுகிறாள்: கன்னத்தில் கரி, ஆனால் புகைபோக்கி சுத்தம் செய்கிறவன் இல்லை, தொப்பியில் இறகு, தோளில் வில், ஆனால் வேடன் இல்லை, வெள்ளிச் சரிகை உடை, ஆனால் இளவரசி இல்லை. யார்? அவனுக்குத் தெரியவில்லை. அவள் போய்விடுகிறாள். மற்ற படங்கள் மூடி மறைக்கும் அந்தக் கண் கோளாறையே இவர்கள் கதையாக்கிவிட்டார்கள். செருப்பு பொருந்துவது இருக்கட்டும், இவன் விடை சொல்வானா என்பதுதான் கேள்வி.

ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் நார்வேயிலும் கிறிஸ்துமஸ் வந்தால் டிவியில் இந்தப் படம் கட்டாயம். நார்வேயில் ஒரே ஓர் ஆண் குரல்தான் எல்லாப் பாத்திரங்களுக்கும் சேர்த்து வசனம் சொல்லுமாம், சிண்டரெல்லாவுக்கும் சித்திக்கும்கூட. அங்கே யாரும் அதை மாற்ற விடுவதில்லை. நீயும் அப்படியே செய்யேன். ஆங்கில சப்டைட்டிலைப் பிள்ளைகள் படித்து முடிப்பதற்குள் காட்சி ஓடிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே போ. முப்பது வருஷம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்ட குரல் உன்னுடையது, மைக்கே வேண்டாம். விடுகதை வரும் இடத்தில் மட்டும் படத்தை நிறுத்திப் பிள்ளைகளிடமே கேட்டுப் பார். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

டிவிடி என்னிடம் இருக்கிறது. ராஜி அடுத்த மாதம் கும்பகோணம் வருகிறாள், கொடுத்தனுப்புகிறேன். 'எவர் ஆஃப்டர்' பெரிய பிள்ளைகளுக்கு, பத்தாவதுக்கு மேலே என்றால் சரி. அதையும் சேர்த்து அனுப்புகிறேன், ராஜி திரும்பும்போது இரண்டு டிவிடியையும் அவளிடமே கொடுத்துவிடு. போன தடவை மாதிரி யாரிடமாவது இரவல் கொடுத்துவிடாதே. கொஞ்சம் ஜவ்வரிசி வடாமும் அனுப்பினால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
சாரதா