எண்ணிக்கை தவறிய இடம்

சிங்கப்பூர்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். ஜொகூர் பாருவிலிருந்து நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மகள் வீட்டுக்குக் குடிபெயர்ந்த பிறகு விடியற்காலைப் பொழுது முழுவதும் உங்களுக்கே கிடைக்கிறது என்பதைப் படித்து மகிழ்ந்தேன். இங்கு எல்லோரும் நலம். பேரன் தேசிய சேவைக்குப் போய்விட்டான். வார இறுதியில் வந்து பாட்டி சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு உறங்குகிறான், அவனைப் பற்றிய செய்தி அவ்வளவுதான்.

தியானத்துக்காகக் கண்ணை மூடி, நமசிவாய என்ற ஐந்தெழுத்தைச் சொல்லத் தொடங்கினால் நாக்கு தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, மனம் பழைய மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தப் போய்விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எனக்கு நேர்ந்ததும் அதுவேதான்.

கப்பல் பட்டறைக் கிடங்கில் முப்பது ஆண்டுகள் ஸ்டோர்கீப்பராக இருந்தவன் நான். மூச்சை எண்ணுவதுதான் எளிய முறை என்று யாரோ சொன்னதை நம்பி, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். ஒரு நாள் எண்ணிக்கை நாற்பத்து மூன்றில் நின்றது. ஒன்றுகூட விடுபடவில்லை. ஆனால் அந்த நேரம் முழுவதும் நான் மூச்சோடு இருக்கவில்லை. 1987ஆம் ஆண்டு இருப்புக் கணக்கில் குறைந்த பித்தளை வால்வுகளை அலமாரி அலமாரியாகத் தேடிக்கொண்டிருந்தேன். எண்ணுவது எனக்குத் தொழில். மனம் இல்லாமலேயே அது நடக்கும். உங்களுக்கு ஓதுவதும் அப்படித்தான். பல்லாண்டுகள் தமிழாசிரியராக இருந்து, கோயிலில் பதிகம் பாடிப் பழகிய நாக்கு, உங்களைக் கேட்காமலேயே மந்திரத்தை முடித்துவிடும். ஆகவே என் கருத்து இதுதான்: நமக்குக் கைவந்த ஒன்றைத் தியானத்துக்குப் பிடிமானமாக வைத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் எண்ணுங்கள், நான் ஓதுகிறேன்.

எண்ணும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் நுட்பம் இருக்கிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் தங்கி பௌத்தத் துறவி புத்தகோசர் பாலி மொழியில் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில், மூச்சை ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மிகாமலும் எண்ண வேண்டும் என்று வரையறுத்திருக்கிறார். ஐந்துக்குள் நிறுத்தினால், நெருக்கமான தொழுவத்தில் அடைபட்ட மாடுகளைப் போல மனம் முட்டி மோதும். பத்தைத் தாண்டினாலோ மூச்சை விட்டுவிட்டு எண்ணையே பற்றிக்கொள்ளும். என் நாற்பத்து மூன்றுக்கு விளக்கம் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது! தொடக்கத்தில் தானியம் அளப்பவனைப் போல நிதானமாகவும், மூச்சு தெளிவாகப் பிடிபட்ட பிறகு, பட்டியிலிருந்து வெளியேறும் மாடுகளை எண்ணும் இடையனைப் போல விரைவாகவும் எண்ண வேண்டும் என்கிறார். பத்து முடிந்ததும் மீண்டும் ஒன்று. பதினொன்று என்று சொல்லிவிட்டால், மனம் எங்கோ போயிருந்தது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். எண்ணுவதால் எனக்குக் கிடைத்த பெரிய பயன், தவறுவது உடனே அகப்படுவதுதான்.

சில வாரங்கள் கழித்து, எண்ணாமலேயே மூச்சோடு இருக்க முடிகிறது என்று தோன்றினால் எண்ணை விட்டுவிடலாம். மூக்கு நுனியிலோ மேலுதட்டிலோ காற்று படும் இடம் மட்டும் போதும். இதற்குப் புத்தகோசர் வாயிற்காவலனை உவமை காட்டுகிறார்: ஊருக்குள் இருப்பவர்களையும் வெளியே இருப்பவர்களையும் அவன் விசாரிப்பதில்லை, வாயிலுக்கு வந்தவரை மட்டும் பார்க்கிறான். இந்த உவமை அடுக்குமாடி வீட்டில் எனக்கு மிகவும் உதவியது. ஐந்து மணிக்கே குயில் கத்தத் தொடங்கிவிடும். கவிஞர்கள் எங்கள் புளோக்கில் ஒரு மாதம் குடியிருந்தால் குயிலைப் பற்றி வேறு விதமாக எழுதுவார்கள். அதோடு மேல்மாடியில் கோலிக்குண்டு உருளுவதைப் போன்ற ஓசை, சிறிது தொலைவில் முதல் ரயில். முன்பெல்லாம் ஒவ்வொன்றையும் எதிர்த்துச் சண்டை போடுவேன். இப்போது அவை ஊருக்குள் நடக்கும் சமாசாரம், வாயிலுக்கு வரவில்லை என்று விட்டுவிடுகிறேன்.

விளக்குச் சுடரை இமைக்காமல் பார்க்கும் முறையையும் முயன்றேன். சுடர் அசையாமல் இருக்க மின்விசிறியை நிறுத்த வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து நிமிடத்தில் வியர்வைதான் கவனத்துக்குரிய பொருளாகிவிட்டது. கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். திருமூலர் மூச்சைப் பதினாறு மாத்திரை நேரம் இழுத்து, அறுபத்து நான்கு நிறுத்தி, முப்பத்திரண்டு விடச் சொல்கிறார் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நம் இருவருக்கும் இரத்த அழுத்த மாத்திரை இருக்கும்போது, அந்த அறுபத்து நான்கை ஆசிரியர் ஒருவர் அருகில் இல்லாமல் தொட வேண்டாம். இயல்பாக வந்து போகும் மூச்சே போதும். சம்மணமிட்டு உட்காரவேண்டும் என்ற பிடிவாதத்தையும் நான் விட்டுவிட்டேன். முழங்கால் வலியைத் தியானிப்பதைவிட, முதுகு சாயாமல் நாற்காலியில் அமர்வது மேல்.

ஐந்தெழுத்தை விட மனமில்லை என்றால் வழி இருக்கிறது: வாயால் சொல்லாமல் எழுதுங்கள். 1913 முதல் 1923 வரை மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றி, பிறகு ரிஷிகேசத்தில் துறவியாக வாழ்ந்த சிவானந்தர், மந்திரத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதும் இலிகித ஜபத்தைப் பெரிதும் பரிந்துரைத்தார். நாக்கைப் போலக் கை அவ்வளவு எளிதாக ஏமாற்றாது. மனம் விலகினால் எழுத்து கோணும், ஓர் எழுத்து விடுபடும். சிவப்பு மையில் பிழை திருத்தியே பழகிய உங்களுக்கு அதைக் கண்டுபிடிப்பது சிரமமாக இருக்காது.

நான் ஓதத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. உச்சரிப்பு மோசம் என்று மனைவி சொல்கிறாள். அடுத்த மாதம் நீங்கள் இங்கு வரும்போது ஒருமுறை கேட்டுத் திருத்துங்கள். ஜொகூர் கடற்பாலத்தில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது ஒன்று முதல் பத்து வரை எண்ணிப் பாருங்கள். இந்தக் கரையில் உட்லண்ட்ஸ் வந்து சேர்வதற்குள் எத்தனை முறை பதினொன்று சொன்னீர்கள் என்பதை எனக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய ஸ்டோர்கீப்பர்