ஓர் உழவு மழை

பிளேனோ, டெக்சாஸ்
ஆகஸ்ட் 14

அன்புள்ள நண்பா,

கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. உன் லட்சணம் எனக்குத் தெரியும்.

மகள் வீட்டில் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். நேற்று மாலை வீட்டுக்குத் தண்ணீர் விட்டேன். செடிக்கு இல்லை, வீட்டுக்கு. சிரிக்காதே. இங்கே மண் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலேதான். கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. மேலே கிடக்கும் கான்கிரீட் தளம் ஒரு பக்கம் இறங்கிச் சுவரில் கீறல் விழுகிறது. அதனால் வீட்டைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டு மண்ணை ஒரே ஈரத்தில் வைத்திருக்கிறார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய கை இப்போது வீட்டுக்குக் காட்டுகிறது.

இதைவிட வேடிக்கை, வாசலில் வளர்க்கும் புல். பெர்முடா என்கிறார்கள். குனிந்து பார்த்தால் நம் அருகம்புல்! உன் அப்பா ஆள் விட்டு முழ ஆழத்துக்கு வெட்டி, வேரைப் பொறுக்கிக் கரையில் காயப்போட்டாரே, அதே அருகு. அதற்குத்தான் இங்கே ஆளாளுக்கு ஏரித் தண்ணீரைக் கொட்டுகிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆசிரியராக இருந்தவர். அவர் வீட்டுத் தெளிப்பான்கள் தினமும் விடியற்காலை பத்து நிமிடம் ஓடும். ஐந்தாறு நிமிடத்திலேயே தண்ணீர் நடைபாதையைத் தாண்டித் தெருவில் இறங்கிவிடும். அப்படியும் ஒரு மூலை காய்ந்தே கிடந்தது. அதற்காக அவர் இன்னும் ஐந்து நிமிடம் கூட்டப் போவதாகச் சொன்னபோதுதான் நான் வாயைத் திறந்தேன்.

சூரை மீன் அடைத்து வரும் தகர டப்பாக்கள் ஒன்பதை அவர் வீட்டிலேயே வாங்கி (நம் வீட்டில் ஏது மீன்), புல் முழுக்கப் பரப்பி வைத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டோம். பிறகு என் பேத்தியின் அடிக்கோலால் அளந்தோம். நடைபாதை ஓரத்து டப்பாவில் 9 மில்லிமீட்டர், காய்ந்த மூலையில் 3. ஒரு தெளிப்பான் சாய்ந்திருந்தது; இன்னொன்றின் வாயைப் புல்லே மூடியிருந்தது. நிமிர்த்தி, வெட்டிச் சுத்தம் செய்து மறுபடி அளந்தபோது எல்லா டப்பாவிலும் ஏறக்குறைய 6 வந்தது. அந்த மனிதருக்குப் புல்லைவிட அடிக்கோல்தான் ஆச்சரியம்.

அதன் பிறகு கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நின்றால் ஒரு லிட்டர். அவர் புல்தரை 230 சதுர மீட்டர். வாரத்துக்கு 70 நிமிடம் ஓடியபோது சுமார் 9,700 லிட்டர் செலவு. புல்லுக்கு உச்சக் கோடையிலும் வாரம் ஓர் அங்குலம், அதாவது சுமார் 25 மில்லிமீட்டர் போதும். அதற்குச் சுமார் 42 நிமிடம், 5,750 லிட்டர். மீதி தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் 42 நிமிடத்தையும் ஒரே மூச்சில் விட்டால் பழைய கதைதான். கரிசலின் குணம் உனக்குச் சொல்ல வேண்டுமா? மெதுவாகக் குடிக்கும், குடித்ததை விடாது. எனவே வாரத்தில் இரண்டே நாள், விடியற்காலை மூன்று மணிக்கு ஏழு நிமிடம், நான்கு மணிக்கு ஏழு, ஐந்து மணிக்கு ஏழு என்று டைமரில் வைத்தோம். இடைவெளியில் தண்ணீர் கீழே இறங்குகிறது, வேரும் அதைத் தேடி ஆழம் போகிறது. தினமும் மேலாக நனைத்தால் வேர் மேலேயே தங்கிவிடும்; ஒரு வாரம் வெயில் கொளுத்தினால் புல் சுருண்டுவிடும். நீண்ட திருப்புளி ஒன்றை மண்ணில் குத்தி, ஆறு அங்குலம் இறங்குகிறதா என்று இப்போது அவரே பார்க்கிறார். நிலத்தை உழும் அளவுக்கு ஓர் உழவு மழை பெய்ததா என்று உன் அப்பா கலப்பைக் கொழுவைக் குத்திப் பார்ப்பார் அல்லவா, அதுதான்.

நான் பெரிய மேதாவி என்று நினைத்துவிடாதே. வந்த புதிதில் மாலை ஏழு மணிக்குத் தண்ணீர் விட்டு, இராத்திரி முழுக்க ஈரம் நின்று, மகள் வீட்டுப் புல்லில் வட்டம் வட்டமாகப் பூஞ்சை பிடிக்க வைத்தவன் நான். மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. இன்னொரு முறை மின்சாரம் போய் வந்ததில் டைமர் தானாகவே பழைய கணக்குக்குத் திரும்பிவிட, கொட்டுகிற மழையிலும் தெளிப்பான்கள் ஓடின. குடை பிடித்துக்கொண்டு போய் அணைத்தேன். மழை பெய்தால் தானே நிறுத்தும் உணரி ஒன்றைப் பிறகு மாட்டினோம்.

ஊர்க்காரர்களுக்கும் இந்த அக்கறை வந்துவிட்டது. 2011-ல் டெக்சாஸ் காய்ந்த காய்ச்சலை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். எங்களுக்குத் தண்ணீர் தரும் வடக்கு டெக்சாஸ் நகராட்சி நீர் மாவட்டம் என்ற அமைப்பும் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்து வேளாண் விரிவாக்கத் துறையும் சேர்ந்து, 'வாட்டர் மை யார்ட்' என்று ஒரு சேவை நடத்துகின்றன. வெயில், காற்று, பெய்த மழை எல்லாவற்றையும் வானிலைக் கருவிகளில் அளந்து, இந்த வாரம் உன் புல்லுக்கு இத்தனை நிமிடம் என்று செய்தி அனுப்புகிறார்கள். சில வாரம் 'வேண்டாம்' என்றே வரும். அன்றைக்கு எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

இப்போது தெருவில் இன்னும் மூன்று வீட்டுக்காரர்கள் டப்பாவோடு காத்திருக்கிறார்கள். சம்பளம் இல்லாத வேலை. ஆளுக்கொரு எலுமிச்சைக் கேக் தருகிறார்கள். சர்க்கரை உள்ளவன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உன் கிணற்றில் இப்போது எத்தனை அடி தண்ணீர்? மேலத்தோட்டத்தில் இந்த ஆண்டு உளுந்தா, மக்காச்சோளமா? வரப்பில் அருகு கிடந்தால் வெட்டுவதற்கு முன் ஒரு படம் எடுத்து அனுப்பு. பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்ட வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

உன் பழைய நண்பன்