பக்கத்து மெத்தை அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. திருமுடிவாக்கம் தம்ம சேது தியான மையத்தில், பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், பத்து நாள் என் இடது கைப் பக்கத்துத் தியான மெத்தையில் உட்கார்ந்திருந்தீர்கள். பேச்சு, சைகை, கண்ணைப் பார்த்துச் சிரிப்பது எதுவும் கூடாது என்பதால் உங்கள் முகம்கூடச் சரியாக மனதில் நிற்கவில்லை. ஆனால் வலது குதிகாலில் இருந்த பித்தவெடிப்பு, பழுப்புச் சால்வையின் பிரிந்த ஓரம், உட்காரும் முன் முட்டியை ஒரு தட்டுத் தட்டிக்கொள்வது எல்லாம் அப்படியே நினைவிருக்கிறது.

அம்மா போன பிறகு எட்டு மாதமாக எனக்குத் தூக்கம் இல்லை. அதற்குத்தான் விபஸ்ஸனா தியான முகாமுக்கு வந்தேன். இந்தத் தியானத்தை நமக்கு ஒலிநாடாவில் சொல்லிக்கொடுக்கும் கோயங்காவும் பர்மாவில் வியாபாரியாக இருந்தபோது, தீராத ஒற்றைத் தலைவலிக்காகத்தான் 1955-ல் சயாஜி ஊ பா கினிடம் போனார். அக்கவுண்டன்ட் ஜெனரல் வேலை பார்த்துக்கொண்டே தியானம் சொல்லிக்கொடுத்தவர் ஊ பா கின். தலைவலிக்கு வைத்தியம் வேண்டுமென்றால் வேறு இடம் பார், மனதைச் சுத்தம் செய்ய என்றால் வா என்று சொல்லிவிட்டாராம். இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

முதல் மூன்று நாள் ஆனாபானா. காலை நாலு மணிக்கு மணி அடித்ததிலிருந்து மேலுதட்டுக்கு மேலே மூச்சு உரசுகிற அந்தச் சின்ன இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கோ இருமல். உங்களுக்கு அடிக்கடி பெருமூச்சு. அது எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது, மன்னித்துவிடுங்கள்.

நான் சொல்ல வந்தது ஆறாம் நாளைப் பற்றி. மதியம் இரண்டரை மணி அமர்வு, அதிட்டானம். ஒரு மணி நேரம் கண், கை, கால் எதையும் அசைப்பதில்லை என்ற உறுதி. பாதி நேரம் போயிருக்கும், என் வலது முட்டியில் கங்கு வைத்தது மாதிரி இருந்தது. சரி, போதும், காலை நீட்டிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். அப்போதுதான் நீங்கள் அழுவது கேட்டது. சத்தமே இல்லை. மூச்சு மட்டும் தொண்டையில் இடறி இடறி வந்தது. எழுந்து போகப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு நீண்டு, பிறகு அது கேட்கவே இல்லை.

நானும் காலை நீட்டவில்லை.

திரும்ப முட்டிக்குப் போனேன். வலி என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது அங்கே ஒரே கட்டியாக இல்லை. கொஞ்சம் சூடு, ஒரு துடிப்பு, ஊசி குத்துகிற மாதிரி ஏதோ. உலை கொதிக்கும்போது அடியிலிருந்து கிளம்பி மேலே வந்து உடைகிற குமிழி மாதிரி, ஒவ்வொன்றும் வந்து வந்து போனது. 'அனிச்சா, அனிச்சா', எதுவும் நிலையில்லை என்று ஒலிநாடாவில் கோயங்கா சொல்லும்போதெல்லாம் எனக்கு மோந்தாலே வாடுகிற அனிச்சம்பூதான் ஞாபகம் வரும். அன்றைக்கும் வந்தது.

அப்புறம் அம்மா வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து குளித்துவிட்டு வரலாம் என்று நான் வீட்டுக்குப் போன ஒரு மணி நேரத்தில்தான் அவள் போய்விட்டாள். எட்டு மாதமாக ராத்திரியானால் அந்தக் காலிக் கட்டில் என் முன்னால் வந்து நிற்கும், நானும் விடிய விடிய அதோடு வாதாடுவேன். அன்று மார்பு இறுகியது. இறுக்கம் எங்கே தொடங்குகிறது, எதுவரை போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மெல்லத் தளர்ந்தது. வெளிச்சம், தரிசனம் எதுவும் இல்லை அக்கா. அம்மா வந்தாள், இருந்தாள், போனாள். 2013-ல் மறைந்த கோயங்காவின் குரல் 'பவது சப்ப மங்களம்', எல்லோருக்கும் மங்களம் உண்டாகட்டும் என்று பாடி முடிக்க, கூடம் முழுக்க 'சாது, சாது, சாது' என்றோம். அன்று ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்தவள், காலை மணிச் சத்தத்தில்தான் எழுந்தேன்.

தியானத்துக்கு எதற்கு ஊர் விட்டு ஊர் போய்க் கூட்டத்தோடு உட்கார வேண்டும், வீட்டிலேயே செய்யலாமே என்று என் தம்பி கேட்கிறான். வீட்டில் செய்து பார்த்தவள்தான் நான். இருபது நிமிடம் தாண்டியதில்லை. நீங்கள் எழுந்து போயிருந்தால் அன்றும் தாண்டியிருக்க மாட்டேன்.

பத்தாம் நாள் காலை, எல்லோருக்கும் நல்லது நினைக்கிற மைத்ரி தியானம் முடிந்து மௌனம் கலைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நீங்கள் நேரே என்னிடம் வந்து, "இருமல் நின்னுடுச்சாம்மா?" என்று கேட்டு, செய்தித்தாளில் மடித்த பனங்கற்கண்டை என் கையில் வைத்தீர்கள். மூன்றாம் நாளிலிருந்தே எனக்காக எடுத்து வைத்திருந்தீர்களாம், கொடுக்கத்தான் முகாம் விதி விடவில்லையாம். என்ன சொல்வது என்று தெரியாமல் தலையாட்டினேன். மறுநாள் காலை கிளம்புகிற அவசரத்தில் பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறேன். மாலை அமர்வுதான் பாதி நாள் தவறிப்போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்தில் ஒரு வீட்டில் ஆறேழு பேர் சேர்ந்து அமர்கிறோம். கண்ணை மூடியதும் இடது பக்கம் யாராவது மூச்சு விடுகிறார்களா என்று காது தானாகப் போகிறது.

தை மாத முகாமில் சமையலறைச் சேவைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நம் பத்து நாள் சாப்பாட்டுக்கு நம்மிடம் ஒரு பைசா வாங்கவில்லையே. முன்னால் உட்கார்ந்து எழுந்த யார் யாரோ கொடுத்த காசில்தானே சாப்பிட்டோம். நீங்கள் மறுபடி வந்தால், ஒரு முகாம் முடித்தவர் என்பதால், இப்போது பழைய மாணவி. மாலை ஐந்து மணிக்குப் பொரியும் பழமும் உங்களுக்குக் கிடையாது, எலுமிச்சைத் தண்ணீர் மட்டும்தான். அதை நான் பிழிந்து வைத்திருப்பேன். பேச முடியாது. குதிகாலைப் பார்த்தே நீங்கள்தான் என்று கண்டுகொள்வேன்.

அன்புடன்,
பக்கத்து மெத்தைக்காரி