டிஸ்கஸுக்குப் பின்னால் அபௌட் வராது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான். அக்கா போன வாரம் வந்துவிட்டுப் போனாள்.

வாட்ஸ்அப்பில் நான் போட்ட பதிலை நீ பார்த்துவிட்டாய், நீல டிக் விழுந்துவிட்டது. 19 நாளாகிறது. நான் சொன்னதில் தப்பு இல்லை. 'வில் டிஸ்கஸ் அபௌட் இட் லேட்டர்' என்று எழுதியிருந்தாய். டிஸ்கஸுக்குப் பின்னால் அபௌட் வராது. டிஸ்கஷன் என்று பெயர்ச்சொல்லாக வந்தால் போட்டுக்கொள்ளலாம். 'அதைப் பற்றிப் பேசுவோம்' என்று மனசில் ஓடுகிறது, அந்தப் 'பற்றி'யையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுகிறோம். 'என் மேல் கோபம்' என்பதால் ஆங்க்ரி ஆன் மீ என்கிறோம், வித் வரவேண்டும். 'அவரோடு கல்யாணம்' என்பதால் மேரீட் வித் என்கிறோம், டு வரவேண்டும். 31 வருஷம் இதைத்தான் போர்டில் எழுதினேன். சொந்தப் பிள்ளை தப்பாக எழுதினால் கை சும்மா இருக்குமா?

ஆனாலும் உன் இங்கிலீஷ் நல்ல இங்கிலீஷ். போன பொங்கலுக்கு வந்தபோது லேப்டாப்பில் உன் ஆபீஸ்காரர்களோடு பேசினாயே, கதவுக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டேன். ஆன் வரவேண்டிய இடத்தில் ஆன், அட் வரவேண்டிய இடத்தில் அட். அம்மாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

உன் முதல் வரியில் பிழை எதுவும் இல்லை. 'ஐ ஹேவ் மூவ்ட் அவுட்.' மூவ் இன் என்றால் குடிபோவது, மூவ் அவுட் என்றால் காலி செய்துகொண்டு போவது. 'வீ' போடாமல் 'ஐ' போட்டிருந்தாய். அதுவும் இலக்கணப்படி சரிதான். பார்ட் என்ற வினைக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தேனே, ஆளைப் பிரிந்தால் ஃப்ரம், பொருளை விட்டுக்கொடுத்தால் வித் என்று. சரி, அது எதற்கு இப்போது. மருமகளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஏழாவது படிக்கும்போது ஹாஸ்டலிலிருந்து ஒரு இன்லேண்ட் லெட்டர் எழுதினாய். 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஃப்ரம் வார்டன்' என்று இருந்தது. ஃப்ரம்மை அடித்து சிவப்பு இங்கில் ஆஃப் என்று எழுதி, வார்டனுக்கு முன்னால் ஒரு 'தி'யும் சேர்த்து, பத்துக்கு ஏழு மார்க் போட்டு, உறையில் வைத்து உனக்கே திருப்பி அனுப்பினேன். என்ன பயம் என்று கேட்கவில்லை. அப்புறம் நீ எழுதியதெல்லாம் நலம், பரீட்சை நன்றாக எழுதினேன், இவ்வளவுதான். ஒரு பிழை இருக்காது. பையன் தேறிவிட்டான் என்று ஸ்டாஃப் ரூமில் எடுத்துக் காட்டினேன்.

இந்தத் தடவையும் அம்மாதான் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளை என்ன எழுதியிருக்கான், நீங்க என்ன பதில் போட்டிருக்கீங்க" என்றாள். அன்றிலிருந்து காபி டம்ளரை ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போகிறாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே. சாயங்காலம் மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலையில் பெங்களூரில் இறங்கிவிடுவேன். (ரயிலுக்கு ஆன், காருக்குத்தான் இன்.) டிக்கெட் போடட்டுமா என்று மட்டும் சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மா மாவடு போட்டு உனக்கென்று இரண்டு பாட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். கூரியர்காரர் விலாசம் கேட்கிறார். எதை எழுதட்டும்?

அப்பா